கயிறு அனுமதிக்கப்படவில்லை

வெகுதானிய வருஷம் ஆடி பதினெட்டு, இங்கிலீஷ் தேதிக்கு 1938 ஆகஸ்டு இரண்டு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, ஊசிக்கல்மேடு ஜெயிலின் பெண்கள் கொட்டடியில் இருந்த ஒன்பது கைதிகளும் கயிறு, பலகை, மரம் எதுவுமில்லாமல் தூரி ஆடினார்கள். அன்று மழை இல்லை. மேல்காற்று வழக்கம்போல அடித்தது. முதலில் தரையிலிருந்து ஒரு முழம் எழும்பினார்கள். பிறகு முன்னும் பின்னுமாக வீச்சு கூடி, பத்தாவது வீச்சில் பன்னிரண்டடி மதிலுக்கு மேல் ஒன்பது தலைகளும் வரிசையாகத் தெரிந்தன. இல்லாத கயிற்றை இரண்டு கைகளும் இறுக்கிப் பிடித்திருந்தன. புளியங்கிளை கிரீச் கிரீச்சென்று முனகுவது கடைவீதி வரைக்கும் கேட்டது; ஜெயிலுக்குள் புளியமரம் கிடையாது. ஐந்தரைக்கு ஒருவர் பின் ஒருவராக இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு களி வாங்கப் போனார்கள். அவர்களுடைய உள்ளங்கையில் கயிறு அறுத்த தடம் இருந்ததை மேட்ரன் கிருபாவதி ரிஜிஸ்தரில் எழுதி வைத்தார். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், பொய் எழுதுகிற ஆள் இல்லை.

இது எப்படி நேர்ந்தது என்று கேட்டால் தபாலால் நேர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பட்டணத்தில் புது மந்திரிசபை வந்திருந்தது. கைதிகளும் மனுஷர்கள்தான், அந்தந்தச் சீமைக்குத் தக்க விளையாட்டு ஒன்றை நாள்தோறும் ஒரு மணி நேரம் அவர்களுக்கு அனுமதிக்கலாம் என்று மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் இறங்கியது. ஆண்கள் பகுதியில் சடுகுடு கேட்டார்கள், கொடுத்தாயிற்று. பெண்கள் பகுதியில், ஆடி நோம்பி வருகிறது, தூரி வேண்டும் என்றார்கள். ஜெயிலர் ராமுலு குண்டூர்ப் பக்கத்து மனுஷர். தூரி என்றால் ஊஞ்சல் என்று கிருபாவதிதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். ஊஞ்சலுக்கு இருபது முழக் கயிறு வேண்டும். கயிறு ஜெயிலுக்குள் ஆகவே ஆகாது என்று சட்டப் புஸ்தகம் சொல்கிறது. மேலிடத்துக் காகிதமோ விளையாட்டைக் கொடு என்கிறது. இரண்டு பக்கமும் பொல்லாப்பு வேண்டாம் என்று யோசித்த ராமுலு, “தூரி அனுமதிக்கப்படுகிறது; கயிறு அனுமதிக்கப்படவில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கொட்டடிக் கதவில் ஒட்டச் சொன்னார். ஒன்பது பெண்களும் அந்த உத்தரவுக்கு ஓர் எழுத்துப் பிசகாமல் கீழ்ப்படிந்தார்கள். அன்று முதல் தினமும் நாலரைக்கு அவர்களுடைய கால்கள் தரையை விட்டன.

ஒன்பது பேரில் நஞ்சம்மாளுக்கு மட்டும் தூரியில் அவ்வளவு பிரியம் இல்லை. அவள் கேட்டது ஒரு தட்டி. சத்தியமங்கலத்துப் பக்கம் குடியானவர் வீட்டுப் பெண், முப்பத்திரண்டு வயது, வாய்க்கால் முறைத் தகராறில் பங்காளி ஒருவன் காலில் மண்வெட்டியைப் போட்டு மூன்று வருஷம் வாங்கியவள். கால் பிழைத்துக்கொண்டது, நடைதான் கொஞ்சம் இழுக்கும். ஜெயில் களியையும் கல் உடைப்பதையும் பற்றி அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பெண்கள் குளிக்கிற தண்ணீர்த் தொட்டி காவல் கோபுரத்துக்கு நேர் கீழே, திறந்த வெளியில் இருந்ததுதான் அவளுக்கு ஆகவில்லை. கோபுரத்தில் எந்நேரமும் ஒரு வார்டர் நிற்பார். கைதி கண்ணை விட்டு மறையக்கூடாது என்பது சட்டம். மற்றவர்கள் சேலையோடு நின்று நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடி வந்துவிடப் பழகிவிட்டார்கள். நஞ்சம்மாளுக்குப் பழக்கம் வரவில்லை. முகம் கை கால் கழுவுவதோடு சரி. இரண்டு வருஷத்தில் அவள் ஏழு மனுப் போட்டாள். தொட்டியைச் சுற்றி ஒன்பதடிக்குத் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்று, வேறொன்றும் வேண்டாம். ஏழுக்கும் ‘ஆலோசிக்கப்படும்’ என்று பதில் வந்தது.

கோபுரத்து வார்டர் ஞானமுத்து நல்ல மனுஷர்தான். பெண்கள் குளிக்கிற நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டுவார். காவல் நேரத்தில் கண்ணை மூடியதற்காக இரண்டு முறை மெமோ வாங்கினார். மூன்றாவது மெமோவுக்கு வேலை போய்விடும், வீட்டில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும். ஆகவே கண்ணைத் திறந்துகொண்டார், ஆனால் அழுதுகொண்டே பார்த்தார். அது எப்படியிருந்தால் என்ன, பார்வை பார்வைதானே.

தூரி தொடங்கிய நாலாம் நாளே ஊர் ஜெயில் மதிலடிக்குக் குடிபெயர்ந்தது. கடைவீதி மதிலை ஒட்டிப் போவதால் வேறு எங்கும் போக வேண்டியதும் இல்லை. சோமனூரிலிருந்து நூல் மூட்டையோடு வந்த வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு அண்ணாந்து உட்கார்ந்தார்கள். வேகவைத்த கடலை விற்றது. ஆண்பிள்ளைகள் கூட்டமாக நின்று மேலே பார்ப்பதைக் கண்டு பெண்கள் கூனிக் குறுகிப் போனார்கள். சேலையைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு, முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு ஆடினார்கள். நிறுத்திவிடச் சொல்லி ஜெயிலர் அதட்டினார். “நாங்க ஆடலீங்க சாமி, அது ஆட்டுது. நாங்க என்னுங்க பண்றது?” என்றாள் நஞ்சம்மாள். ஜெயிலர் கொட்டடிக் கதவைப் பூட்டிப் பார்த்தார். நாலரைக்கு ஒன்பது பேரும் உள்ளேயே எழும்பிக் கூரையில் தலை இடித்து, மூன்று பேருக்கு வீங்கிவிட்டது. மறுநாள் கதவைத் திறந்துவிட்டார்.

ஊருக்கு அப்போது பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டாக இருந்தவர் பொங்கியண்ணன். வெளியிலிருந்து ஜெயிலைப் பார்வையிடுகிற பதவியும் அவருக்குத்தான். தங்கமான குணம், யாரையும் முகம் கோணவிட மாட்டார். போர்டு மெம்பர் பாலுசாமிக்கும் அவருக்கும் அதுவரை ஒரு மனத்தாங்கலும் இல்லை; பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள். தூரியைப் பற்றிப் பேச ஆவணி முதல் வெள்ளிக்கிழமை போர்டு ஆபீஸ் மாடியில் கூட்டம் போட்டார்கள். மாடி ஜன்னல் ஜெயில் மதிலுக்கு நேர் எதிரே. பாலுசாமி படியேறி வாசலில் தலை நீட்டிய அதே நொடியில், ஜன்னலுக்கு வெளியே நஞ்சம்மாள் எழும்பினாள். பொங்கியண்ணனுக்குக் கண்ணெதிரே ஓர் ஆள் வந்தால் வாய் தானாகத் திறந்துவிடும். “வாங்க அம்மணி” என்றார், ஜன்னலைப் பார்த்து. அவள் பின்னால் போய்த் திரும்ப வரும்போது “வாரனுங்க” என்றாள். அதற்கடுத்த வீச்சில் அவர் “சாப்டாச்சுங்களா?” என்றார். “இனிமேத்தானுங்க. ஊட்ல அல்லாரும் சவுக்கியமுங்களா?” என்று அடுத்த வீச்சில் கேள்வி வந்தது. ஒருவர் நலம் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? சொல்லி முடித்துத் திரும்புகிறபோது வாசலில் பாலுசாமி நின்றுகொண்டிருந்தார். அதற்குள் அவர் வந்து ஐந்து வீச்சு ஆகியிருந்தது.

கொங்குச் சீமையில் வாசலில் கால் வைத்தவரை ‘வாங்க’ என்று கேட்காமல் விட்டால் அது சாதாரணக் குற்றம் அல்ல. அந்த ஒரு சொல்லுக்காகக் கல்யாணத்துக்கு வந்துவிட்டுக் கை நனைக்காமல் வண்டியைத் திருப்பிய சம்பந்திகள் உண்டு. மூன்று தலைமுறை பேசாத பங்காளிகள் உண்டு. அதிலும் தன்னை நிற்க வைத்துவிட்டு மூன்று வருஷத் தண்டனைக்காரியை முதலில் கேட்டுவிட்டார் என்றால் பாலுசாமிக்கு வயிறு எரியாதா? “பிரசிடெண்டுக்கு வேண்டப்பட்டவங்க வந்திருக்கறாங்க, பேசிட்டு இருங்க. நான் வாரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த படியிலேயே இறங்கினார். பொங்கியண்ணன் செருப்பில்லாமல் வீதி வரை ஓடினார். வண்டி போய்விட்டது.

மறுநாளே ஊர் இரண்டாகப் பிளந்தது. பாலுசாமி சந்தைத்திடலில் மேடை போட்டார். “கெணத்துமேட்டுல மாட்டோட மாடா நடந்து தண்ணி எறைக்கிறவனுக்கு ஆருங்க தூரி கட்டிக் குடுக்கறது? மண்வெட்டில வெட்டுனவளுக்கு அரமணையாட்டம் தூரியா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ‘ஜெயிலா, நோம்பிக் களமா?’ என்று மஞ்சள் காகிதத்தில் நோட்டீஸ் வந்தது. பொங்கியண்ணன் பக்கத்தார் பச்சைக் காகிதத்தில் ‘தப்புக்குத் தண்டனை உண்டு, மூச்சு விடுவதற்குமா?’ என்று அடித்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து இரண்டு வக்கீல்கள் வந்து ஆளுக்கொரு பக்கமாகப் பேசி, ஒரே காரில் திரும்பிப் போனார்கள். மதிலுக்கு மேல் எழும்புவது தப்பியோடுவது ஆகுமா என்று மேலிடம் கேட்டது. உள்ளே எழும்பி உள்ளேயே இறங்குவதால் ஆகாது, ஆனால் எழும்பியிருக்கும்போது நலம் விசாரிப்பது அனுமதியில்லாத நேர்காணல் ஆகும் என்று ராமுலு எழுதினார். கடைவீதியில் நாற்பத்தேழு பேர் மேல் நேர்காணல் கேஸ் போட்டார்கள். சாப்டீங்களா என்று கேட்டவர் முப்பத்தொன்பது பேர். மீதிப் பேர் கேட்டதற்குப் பதில் சொன்னவர்கள்.

இந்த அமளியில் நஞ்சம்மாள் எட்டாவது மனுப் போட்டாள். தூரி வேண்டாம், தட்டி கொடுத்தால் போதும் என்று கிருபாவதி கையால் எழுதிக் கொடுத்தார். விளையாட்டா மறைவா, இரண்டில் ஒன்றைத்தான் கைதிகள் கேட்கலாம், விளையாட்டை அனுபவித்துக்கொண்டே மறைவும் கேட்பது பேராசை என்று பதில் வந்தது. தூரியை விட்டுவிட்டதாக ஒன்பது பேரும் கைநாட்டு வைத்துக் கொடுத்தார்கள். அன்றைக்கும் நாலரைக்குத் தூரி ஆடியது. கைநாட்டு பொய் என்று எல்லோருக்கும் ஒரு வாரம் மோர் நிறுத்தப்பட்டது.

மதிலை உயர்த்துவது என்று புரட்டாசியில் தீர்மானமாயிற்று. சுவர் வேலைக்கு ஒட்டர்கள் வந்து மூன்றடி உயர்த்தினார்கள். தூரி ஆறடி உயர்ந்தது. இன்னும் மூன்றடி வைத்தார்கள், இன்னும் ஆறடி போனது. ஒன்பதடி முடிந்தபோது சூளையில் செங்கல் தீர்ந்துவிட்டது. பெண்கள் காவல் கோபுரத்து ஓட்டுக்கூரைக்கும் மேலே போய் வந்தார்கள். அங்கிருந்து நீலகிரி மலை தெரிகிறது என்று ஒருத்தி சொன்னாள். முன்னைவிட அதிக தூரத்திலிருந்து, வயல்களிலிருந்தும் மாடிகளிலிருந்தும் மரக்கிளைகளிலிருந்தும் ஆட்கள் பார்த்தார்கள்.

ஐப்பசியில் இரண்டு கட்சியும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. தண்டனைக்காரி சந்தோஷமாக இருப்பதை ஜனங்கள் பார்த்தால் கெட்டுப்போவார்கள் என்றார் பாலுசாமி. பெண்பிள்ளைகளை ஊரே பார்ப்பது மரியாதை இல்லை என்றார் பொங்கியண்ணன். ஆகவே ஜனங்கள் பார்க்கக்கூடாது. ஜெயிலை மறைக்க முடியாவிட்டால் ஊரை மறைப்பது. ஜெயிலைப் பார்த்த ஜன்னல், மாடி, சந்து, கிளை எல்லாவற்றுக்கும் தென்னங்கீற்றுத் தட்டி கட்ட வேண்டும், கடைவீதி முழுக்கப் பந்தல் போட வேண்டும் என்று போர்டு தீர்மானித்தது. பொள்ளாச்சி வரைக்கும் போய் வண்டி வண்டியாகக் கீற்று ஏற்றி வந்தார்கள். கார்த்திகைக்குள் ஊசிக்கல்மேடு முழுவதும் ஒரே கல்யாணப் பந்தல் மாதிரி ஆகிவிட்டது; பகலிலேயே கடைகளில் விளக்கு வைத்துத்தான் துணி கிழித்தார்கள். பிள்ளையார் கோயிலுக்கு ஜெயிலைப் பார்த்த வாசல் என்பதால் பிள்ளையாருக்கும் ஒரு தட்டி கட்டினார்கள். காவல் கோபுரம் சர்க்கார் கட்டடம், அதற்கு மட்டும் இல்லை.

நஞ்சம்மாளின் ஒன்பதாவது மனுவுக்கு அந்த மாதம் முதல் முறையாகச் சாதகமான பதில் வந்தது. தொட்டிக்குத் தட்டி கட்ட மேலிடம் சம்மதிக்கிறது; ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் தற்சமயம் கீற்று கிடைக்கவில்லை.

அதற்குள் அவள் உடம்பெல்லாம் சொறி. தலையில் பேன் புழுத்துப் போயிற்று. மார்கழி இரண்டாம் புதன்கிழமை ஜெயில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் தலைக்குக் குளித்துச் சுத்தமாக இல்லாவிட்டால் சனிக்கிழமை காலையில் மொட்டையடித்து மருந்து தடவ வேண்டும், மற்றவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும் என்று எழுதிவிட்டுப் போனார். அவர் எழுதியதில் தப்பில்லை. ஆனால் புருஷன் உயிரோடிருக்கிற பெண்ணுக்கு மொட்டை என்றால் அது என்ன என்பது அவருக்குத் தெரியவில்லை, அவர் வெளிச்சீமைக்காரர். நஞ்சம்மாள் இரண்டு நாள் களியைத் தொடவில்லை. அவளுடைய புருஷன் மாதம் ஒருமுறை நாற்பது மைல் நடந்து பார்க்க வருகிறவர். ‘அவரு வந்து மதில்கிட்ட நின்னு என் மொட்டத்தலயப் பாக்கோணுமா’ என்று கிருபாவதியிடம் சொல்லி, உடம்பு குலுங்க அழுதாள். கிருபாவதிக்கும் மனசு தாங்கவில்லை. தன்னுடைய சேலையையே விரித்துப் பிடிக்கிறேன் என்றார். மேலேயிருந்து பார்க்கிறவருக்குச் சேலை என்ன மறைப்பு? நஞ்சம்மாள் வேண்டாமென்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு, கால் தரையை விடுவதற்குச் சற்று முன்னால், அவள் தொட்டியில் ஒரு குடம் தண்ணீர் மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒரு சொம்பும், தலைக்குத் தேய்க்கக் கிருபாவதி வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த அரப்புப் பொடிப் பொட்டலமும் மடியில் இருந்தன. கைதியை ஏன் தடுக்கவில்லை என்று பிற்பாடு கேட்டபோது, விளையாட்டுக்குக் கயிறு கொண்டுபோகக் கூடாது என்றுதான் உத்தரவு, குடத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று கிருபாவதி பதில் எழுதினார். தூரி எழும்பியது. மதிலைத் தாண்டியது, கோபுரத்து ஓட்டுக்கூரையைத் தாண்டியது. கூரைக்குக் கீழே நின்ற ஞானமுத்து விதிப்படி கண்ணைத் திறந்து பார்த்தார். ஓட்டின் அடிப்பக்கம் தெரிந்தது. ஊர்ப்பக்கம் பார்த்தால் அத்தனை கண்ணுக்கும் தட்டி. மற்ற எட்டுப் பேரும் வழக்கம்போல முன்னும் பின்னுமாகப் போய் வந்தார்கள். நஞ்சம்மாளின் தூரி மட்டும் உச்சிக்குப் போனதும் அங்கேயே நின்றுகொண்டது, குடம் தளும்பாமல்.

முதல் சொம்பு கடைவீதிப் பந்தல்மேல் விழுந்தபோது மழை என்று நினைத்து மிளகாய் காயப்போட்டிருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். அப்புறம் அரப்பு வாசம் வந்தது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தட்டியை விலக்க ஒரு விரல் போதும். எவனும் விலக்கவில்லை. பந்தலுக்குக் கீழே அந்த நேரத்தில் நடந்து வந்துகொண்டிருந்த பாலுசாமியின் புதுத் துண்டில் கீற்றிடுக்கு வழியாகத் தண்ணீர் ஒழுகியது. கடைக்காரர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். பாலுசாமி நின்றார். துண்டைப் பிழிந்தார். “வெள்ளிக்கெழம தானே, தலைக்கு வாத்துக்கறாங்க” என்று சொல்லிவிட்டு, ஓரமாக நகர்ந்து, குனிந்த தலை நிமிராமல் போனார்.

ஐந்தரைக்கு நஞ்சம்மாள் இறங்கியபோது குடம் காலி. விரித்த கூந்தல் இடுப்புக்குக் கீழே தொங்கிச் சொட்டியது. கிருபாவதி ஓடிப்போய்க் குடத்தை வாங்கிக்கொண்டார். “ரெண்டு வருசமாச்சுங்க மேட்ரனம்மா, முதுகுல கை வெச்சு” என்றாள் நஞ்சம்மாள். “எம்முதுகு இருந்ததே எனக்கு மறந்துபோச்சுங்க.” சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சனிக்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு மொட்டை வேண்டாம் என்று எழுதினார். அடுத்த வெள்ளியன்று ஒன்பது குடங்கள் எழும்பின. ஆகாயம் ஜெயிலின் எல்லைக்குள் சேருமா என்று ராமுலு மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். ஆலோசிக்கப்படும் என்று பதில் வந்தது.

அடுத்து வந்த பிரமாதி வருஷம் ஆனியில் நஞ்சம்மாள் விடுதலையாகிப் புருஷனோடு நடந்தே ஊர் போனாள். மற்றவர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்; வெள்ளிக்கிழமைக் குளியல் நிற்கவில்லை. அந்த ஆடிக் காற்றில் பந்தல் சரிந்தது. தட்டிகளைக் கரையான் அரித்து ஒவ்வொன்றாக விழ, புதிதாகக் கட்ட வேண்டுமென்று போர்டில் இரண்டு கட்சியும் கேட்கவில்லை. ஜன்னல்கள் திறந்து கிடந்தன, மாடிகள் திறந்து கிடந்தன. வெள்ளிக்கிழமை நாலரையிலிருந்து ஐந்தரை வரை கடைவீதியில் நடப்பவர்கள் குடை பிடித்துக்கொள்வார்கள். குடை இல்லாதவர்கள் நனைவார்கள். அண்ணாந்து பார்ப்பவர் யாரும் இல்லை.